லூர்து டீச்சர் பின்னோக்கி ஏறிய மலை

சுனில் பாஸ் தொலைபேசியில் என்னை அழைத்தால் அது கார் விஷயமாகத்தான் இருக்கும். தெரணியகலை பஸ் நிலையத்துக்குப் பின்னால் வாகனம் திருத்தும் இடம் வைத்திருக்கிறார். எனக்கும் அவருக்கும் இடையில் வேறு சங்கதி கிடையாது. லூர்து டீச்சரின் காருக்கு ஒயில் வந்துவிட்டது, கேட்ட சாமான் கிடைக்கவில்லை, டீச்சர் வகுப்பில் போனை எடுப்பதில்லை, நீங்கள் சொல்லிவிடுங்கள் என்பார். ஆகவே சென்ற மாதம் ஒரு விடியற்காலையில் அவர் பெயர் திரையில் தெரிந்தபோது, முகத்தில் பூசிய சவர்க்கார நுரையோடு, "என்ன பாஸ், மறுபடியும் கியர் பொக்ஸா?" என்றுதான் கேட்டேன்.

"இல்ல சேர். கார் நல்லா இருக்கு" என்றார்.  "டீச்சர்தான் இல்ல சேர். நெஞ்சு வலின்னு தங்கச்சி வந்து கதவத் தட்டினாங்க. நான்தான் அவங்க கார்லயே ஆஸ்பத்திரிக்கு ஓட்டிட்டுப் போனேன். வழியிலயே முடிஞ்சிருச்சு. அனே சேர், கார் ஒரு இடத்துலயும் நிக்கல்ல. நல்லா இழுத்துச்சு."

காரை யாரோ குற்றம் சொல்லிவிடுவார்கள் என்று பயந்தவர் போல அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, எரிச்சல். காரைப் பற்றிக் கேட்டது யார்? பிறகுதான் உறைத்தது, கேட்டதே நான்தான். அரை முகத்து நுரையைத் துடைத்துவிட்டு அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

முப்பதாம் நாள் பூசைக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்க ஒரு சிறு நினைவு மலர் போடுகிறோம், கூடவே போய் வந்தவர் நீங்கள், நீங்களே எழுதுங்கள் என்று எங்கள் பாடசாலை அதிபர் சொன்னார். "கொஞ்சம் உருக்கமா எழுதுங்க சேர்" என்றும் சொன்னார். எனக்கு உருகத் தெரியாது, கோபப்படத்தான் தெரியும். இதை வாசிக்கும் உங்களில் பாதிப் பேர் லூர்து டீச்சரிடம் கணக்குப் படித்தவர்கள், மீதிப் பேர் அவருடைய காரைத் தள்ளியவர்கள். இரண்டையும் செய்தவர்களும் உண்டு. நான் சொல்வதில் பிழை இருந்தால் பூசை முடிந்ததும் என்னிடம் வந்து சண்டை பிடியுங்கள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். லூர்து மேரி டீச்சர் எங்கள் தோட்டத்து மேல் டிவிசன் பாடசாலையின் கணித ஆசிரியை. கணிதத்துக்கு அவர் ஒருவர்தான். தமிழுக்கு நான் இருக்கிறேன், நான் இல்லாவிட்டாலும் பிள்ளைகள் தமிழ் பேசிக்கொண்டுதான் இருப்பார்கள். கணிதம் அப்படியல்ல. பதினோராம் தரத்தில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் கணக்குத் தவறினால் உயர்தர வகுப்புக்குப் போக முடியாது. உயர்தரம் இல்லையென்றால் பையன் கொழும்பில் ஏதாவது ஒரு கடைக்கு, பெண் ஏதாவது ஒரு வீட்டு வேலைக்கு. எங்கள் மலையில் அது எல்லோருக்கும் தெரியும்.

சின்ன வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் டீச்சரின் இடது காலை மெலிய வைத்திருந்தது. இரும்புச் சட்டம் போட்ட சப்பாத்தோடுதான் நடப்பார். தேவாலயத்துக்குப் பக்கத்தில் தங்கையோடு குடியிருந்தார். அங்கிருந்து மேல் டிவிசனுக்கு பஸ் கிடையாது. த்ரீ வீலரில் குலுங்கிக் குலுங்கி வருவார், மழை பலமாகப் பெய்தால் த்ரீ வீலர்காரன் வர மாட்டான். அப்படி ஒரு மாரியில் அலுத்துப்போய்த்தான் இந்தப் பழைய ஜப்பான் காரை வாங்கினார். ஓட்டோ கியர். கிளச் கிடையாது, வலது கால் ஒன்று போதும். வாங்கிய வாரமே என்னை ஏற்றிக்கொண்டு சொன்னார்: "எனக்கு ஒரு கால்தான் வேலை செய்யும், இதுக்கு ஒரு கால் போதும். சாதகம் பார்த்திருந்தாக் கூட இப்படிப் பொருந்தியிருக்காது சேர்." கலியாணம் ஏன் ஆகவில்லை என்று கேட்டு ஓய்ந்தவர்களுக்கு அதுதான் பதிலும்.

நான் தேவாலயத்துச் சந்தியில் ஏறிக்கொள்வேன். அன்றிலிருந்து கடைசி வரை அந்த இடது பக்கத்து இருக்கை என்னுடையது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டேன், மெதுவாகப் போங்கள், அந்த லொறிக்கு வழி விடுங்கள் என்று ஏதாவது சொல்லிக்கொண்டே வருவேன். "லைசன் யாருகிட்ட இருக்கு?" என்பார். எனக்கு இன்றுவரை வாகனம் ஓட்டத் தெரியாது. அந்த ஒரு கேள்வியோடு வாயை மூடிக்கொள்வேன்.

காருக்கு வந்த நோய் முதலில் தெரிந்தது காரில் அல்ல, பாடசாலைத் தாழ்வாரத்தில். ஒரு காலையில் சீமெந்துத் தரையில் சிவப்பாக ஒரு கறை. அதிபர் பார்த்துவிட்டு இரவுக் காவலர் கருப்பையாவைப் பிடித்துக்கொண்டார். "பள்ளிக்கூடத்துல வெத்திலை துப்புறியா? நாளைக்கு இந்தப் பக்கம் வராதே." கருப்பையா சத்தியம் செய்து பார்த்தார், யாரும் நம்பவில்லை. வாய் நிறைய வெற்றிலை இருக்கும்போது யார் நம்புவார்கள்? அடுத்த நாளும் அதே இடத்தில் அதே கறை. லூர்து டீச்சர் தடியை ஊன்றிக் குனிந்து, விரலால் தொட்டு மோந்து பார்த்தார். நனையாமல் இறங்குவதற்காக அங்கேதான், தாழ்வாரத்துக்குள்ளேயே, அவர் தினமும் காரை ஏற்றி நிறுத்துவார். காலைக் கூட்டத்தில், எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால், "துப்புனது கருப்பையா அண்ணன் இல்ல, என்னோட காரு. அது கியர் பொக்ஸ் ஒயில், அதுவும் சிவப்புத்தான். அண்ணே, மன்னிச்சிக்குங்க" என்று கை கூப்பினார். அதிபருக்கு முகம் சுண்டிப்போனது. கருப்பையா அன்றைக்குப் பூராவும் சந்தோஷத்தில் யாரோடும் பேசவில்லை.

சுனில் பாஸ் காரைத் தூக்கிப் பார்த்தார். கசிவை ஓரளவு அடைத்தார். ஆனால் கசிவு மட்டும் இல்லை. காலையில் கியரைப் போட்டால் கார் யோசித்து யோசித்துத்தான் நகரும். ஏற்றத்தில் எஞ்சின் கத்தும், சக்கரம் அசையாது. சூடு ஏற ஏற இன்னும் மோசம். அவர் தமிழில் விளக்கினார்: "டீச்சர், உள்ளுக்கு இருக்கிற பிளேட்டு தேஞ்சு போச்சு. முன்னுக்கு இழுக்கிறது அந்தப் பிளேட்டுதான். பின்னுக்குப் போறதுக்கு வேற பிளேட்டு, அது பாவிச்சதே இல்லியே, புதுசு மாதிரி இருக்கு." பிறகு சிரித்தார். "பின்னுக்குன்னா கொழும்பு வரைக்கும் போகலாம்."

டீச்சர் சிரிக்கவில்லை. வேறு கியர் பொக்ஸ் போட முடியாதா என்று கேட்டார். வெளிநாட்டிலிருந்து வாகனம் வருவது நின்றுபோயிருந்த காலம் அது. பழைய கார்களின் சாமான்களுக்கு அடிபிடி. தேடிப் பார்க்கிறேன், கிடைக்கும்வரை மலை ஏற்ற வேண்டாம் என்றார் பாஸ். மலை ஏறாமல் எங்கள் பாடசாலைக்குப் போக வழியே இல்லை. அதைச் சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

அந்தச் சமயம் பார்த்துத்தான் அவருக்கு ஓர் இடமாற்றம் வந்தது. கால் முடியாதவர், வயதும் ஆகிறது, ஊருக்குள்ளேயே ஒரு பாடசாலைக்குப் போகலாம் என்றது கல்விக் காரியாலயம். வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். தங்கை சந்தோஷத்தில் மாதாவுக்கு மெழுகுவர்த்தி கொளுத்திவிட்டார். லூர்து டீச்சர் காரியாலயத்துக்குப் போய், மேலே கணக்குக்கு வேறு யார் வருவார் என்று கேட்டார். இப்போதைக்கு யாரும் இல்லை என்றார்கள். "அப்ப நான் வரல்ல. கார் ஓடுற வரைக்கும் மேலேயே இருக்கேன். கார் நின்னா நானே வந்து கையெழுத்துப் போடுறேன்" என்று சொல்லிவிட்டு வந்தார். கூடப் போனவன் நான். ஏன் அப்படி வாக்குக் கொடுத்தீர்கள் என்று வழியெல்லாம் திட்டினேன்.

இந்த வார்த்தை எப்படியோ மலைக்கு ஏறிவிட்டது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ஒரு பேச்சு கிளம்பினால் மதியத்துக்குள் மூன்று டிவிசனுக்கும் போய்விடும். அன்றிலிருந்து மலையே அந்தக் காரின் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தது. றப்பர் மரத்தில் பால் வெட்டும் பெண்கள் கத்தியை நிறுத்திக் கேட்பார்கள். தொழிற்சாலைச் சந்தியைத் தாண்டிவிட்டதா, பாலத்தடி வந்துவிட்டதா என்று ஒருவருக்கொருவர் கூவிச் சொல்வார்கள். காரின் கியர் பொக்ஸ் எங்கே இருக்கும் என்றே தெரியாத சனங்கள் அதற்காக நேர்த்தி வைத்தார்கள். மாரியம்மனுக்கும் வைத்தார்கள், அந்தோனியாருக்கும் வைத்தார்கள்.

கடைசித் தவணை தொடங்கி, சாதாரண தரப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு மழைக் காலையில் கார் ஏற்றத்தில் நின்றது. எஞ்சின் கத்தியது, கார் மெல்லப் பின்னால் வழுக்கியது. டீச்சர் பிரேக்கை அழுத்திக்கொண்டு, "இறங்குங்க சேர், கல்லு வைங்க" என்றார். நான் இறங்கிக் கல்லைத் தேடுவதற்குள் லயத்துச் சனம் வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் எந்த வாகனம் நின்றாலும் தள்ளுவது என்பது வழக்கம், கேட்கக்கூட வேண்டாம். காவல் முடிந்து இறங்கி வந்துகொண்டிருந்த கருப்பையா தலைமை ஏற்றார்.

"டீச்சர்! ரெண்டாவது கியர்ல போடுங்க! நாங்க தள்ளுறோம். நான் சொல்றப்ப கிளச்ச விடுங்க!"

"அண்ணே, இதுல கிளச் இல்ல."

"இல்லாட்டிப் பரவாயில்ல, மெதுவா விடுங்க!"

"இல்லாதத எப்படிண்ணே விடுறது?"

"எல்லா வண்டியும் அப்படித்தான் டீச்சர் ஸ்டார்ட் ஆகும்! தள்ளுங்கடா!"

ஓட்டோ கியர் காரைத் தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியாது என்பதையும், எஞ்சின் ஏற்கெனவே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்பதையும் அந்த மழையில் யாருக்கும் விளங்கவைக்க முடியவில்லை. தள்ளினார்கள். தள்ளியே பாடசாலை வாசல் வரை கொண்டுபோய்விட்டார்கள். நிரோஷா என்ற மாணவியின் தாய் பரமேஸ்வரி, பால் வெட்டுக்காரி, பின் கண்ணாடியில் தோளைக் கொடுத்துத் தள்ளியதை நான் பார்த்தேன். மேலே போனதும் எல்லோரும் காலில் ஏறிய அட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தார். அடுத்த நாளும் தள்ளினார்கள், அதற்கடுத்த நாளும்.

அந்த வாரம் தரம் பதினொன்றில் டீச்சர் பரீட்சைக்காகப் பின்னத்தை மறுபடி படிப்பித்துக்கொண்டிருந்தார். பக்கத்து வகுப்பில் இருந்த எனக்குத் தடுப்புப் பலகைக்கு மேலால் எல்லாம் கேட்கும். அரை என்பதற்கு வீட்டிலிருந்து ஓர் உதாரணம் சொல்லுங்கள் என்றார். ஒருவன் அரை றாத்தல் பாண் என்றான். நிரோஷா எழுந்து, "அரைப் பேர் டீச்சர். அம்மாவுக்கு இந்தக் கிழமை பூரா அரைப் பேர்தான்" என்றாள். தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்தைப் பேர் என்போம். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பிந்திப் போனால் பாதிதான் விழும். டீச்சர் ஏன் என்று கேட்டார். பிள்ளை கொஞ்சம் தயங்கிவிட்டு, "உங்க காரத் தள்ளப் போறாங்கல்ல" என்றாள்.

  அன்று மாலை தேவாலயத்துச் சந்தியில் நான் இறங்கும்போது டீச்சர் சொன்னார்: "இனிமே ஒருத்தரும் தள்ள வேணாம். நான் கணக்குச் சொல்லிக் குடுக்க அவங்க சம்பளத்துல பாதி போகுதுன்னா, அந்தக் கணக்கு எனக்கே பிழையாப் படுது." அப்படியானால் எப்படி ஏறுவீர்கள் என்று கேட்டேன். காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சரி, நாளைக்குப் போய்க் கையெழுத்துப் போடப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் தொழிற்சாலைச் சந்தி வரை எப்போதும்போல் வந்தோம். அங்கே தேயிலைக் கொழுந்து லொறி திரும்புகிற அகன்ற இடத்தில் டீச்சர் காரை ஒரு சுற்றுச் சுற்றினார். கார் ஊரைப் பார்த்து நின்றது. திரும்பிப் போகிறோம் என்றுதான் நினைத்தேன். அவர் கியரை மாற்றி, வலது கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டிப் பின்னால் பார்த்துக்கொண்டு மெல்ல அழுத்தினார். கார் பின்பக்கமாக மலை ஏறத் தொடங்கியது.

"டீச்சர், பைத்தியமா உங்களுக்கு?" என்று கத்தினேன்.

"பின்னுக்குப் போறது புதுசு மாதிரி இருக்குன்னு பாஸ் சொன்னார்ல. இடது பக்கம் தண்ணி ஓடுற கானு இருக்கு, அதப் பார்த்துச் சொல்லுங்க. மத்ததுக்கு வாயத் தொறக்காதீங்க."

தொழிற்சாலையிலிருந்து பாடசாலைக்கு ஒரு கட்டைக்கு, அதாவது ஒரு மைலுக்கு, கொஞ்சம் குறைவு. ஒரு பக்கம் மண் மேடு, மறுபக்கம் பள்ளம், நடுவில் கொண்டை வளைவுகள். நடந்துபோனவர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். பாலத்தடியில் ஒயில் ஆற வேண்டும் என்று நிறுத்தினார், மறுபடி எடுத்தார். நான் வழியெல்லாம் தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டேன். மேலே போய் நின்றபோது அவருடைய கழுத்து ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டது, நேரே திருப்ப முடியவில்லை. அப்படியே சாய்ந்த கழுத்தோடு போய் முதற் பாடவேளையை எடுத்தார்.

அந்தத் தவணை முழுக்க லூர்து டீச்சர் மலையைப் பின்னோக்கித்தான் ஏறினார். இறக்கத்தில் தொல்லை இல்லை, மாலையில் கார் முன்னோக்கியே இறங்கிவிடும். முதல் நாள் சனங்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். "நம்ம டீச்சருக்குச் செய்வினை வச்சிட்டாங்க" என்று ஒரு கிழவர் அடித்துச் சொன்னார். இரண்டாம் நாளே எல்லோரும் உதவிக்கு இறங்கிவிட்டார்கள். பெரட்டுக்குப் போகிறவர்கள் போகிற போக்கில் வழியில் கிடந்த கற்களை எடுத்துப் போட்டார்கள். கொழுந்து லொறிக்காரர் டீச்சர் மேலே வந்து சேரும்வரை லொறியை எடுக்க மாட்டார். மழையில் தலையை வெளியே நீட்டி நனைகிறார் என்று பரமேஸ்வரி தன்னுடைய சாக்குக் கொங்காணியைக் கொண்டுவந்து அவர் தலையில் கவிழ்த்துவிட்டுப் போனார். அதைப் போட்டுக்கொண்டு ஓட்டினால் பால் வெட்டுக்குப் போகிறவர் போலவே இருப்பார்.

வகுப்பில் ஒரு குறும்புக்காரி, "பின்னால வந்தா மைனஸ் தானே டீச்சர்?" என்று கேட்டாளாம். "வண்டி எந்தப் பக்கம் பார்த்தா என்ன? உயரம் கூடுதா குறையுதா? அதச் சொல்லு மொதல்ல" என்றாராம். பிள்ளைகள் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

ஒரு நாள் பாலத்தடியில் ஒயில் ஆறிக்கொண்டிருந்தபோது எனக்கு மனது நிறைந்துபோய், "உங்களை மாதிரி ஒருத்தர் இந்த மாகாணத்துலயே கிடையாது டீச்சர், இதப் பத்திப் பத்திரிகைக்கு எழுதப் போறேன்" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் சுடுகிறது.

"எழுதாதீங்க சேர். கால் நொண்டி ஒருத்தி பின்னால பார்த்து மலையேறினாத்தான் இந்தப் பிள்ளைங்களுக்குக் கணக்குக் கிடைக்கும்னா, அது பாராட்டுற விஷயமா? வெக்கப்படுற விஷயம். நீங்க எழுதுனா என்ன நடக்கும்? எனக்கு மாலை போடுவாங்க. கணக்குக்கு இன்னொரு ஆளைப் போட மாட்டாங்க."

நான் எழுதவில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.

பரீட்சை முடிந்தது. நிரோஷா உட்படப் பலர் கணக்கில் சித்தியடைந்தார்கள். சிலர் தவறினார்கள், அவர்களைச் சனிக்கிழமைகளில் வீட்டுக்கு வரச் சொல்லி மறுபடி படிப்பித்தார். விடுமுறையில் சுனில் பாஸ் கேகாலைப் பக்கம் எங்கோ நொறுங்கிக் கிடந்த ஒரு காரிலிருந்து கியர் பொக்ஸ் கழற்றிக்கொண்டு வந்து பொருத்தினார். கார் மறுபடி முன்னோக்கி ஏறியது. முதல் நாள் டீச்சர் சொன்னார்: "நேராப் போறதுதான் இப்பப் பயமா இருக்கு சேர்." மலையில் அன்றைக்குத் திருவிழா மாதிரி இருந்தது. மாரியம்மனுக்குப் பொங்கல், அந்தோனியாருக்கு மெழுகுவர்த்தி. கார் பிழைத்துவிட்டது, இனி டீச்சர் எங்கும் போக மாட்டார் என்று எல்லோரும் நிம்மதியாக மூச்சு விட்டோம்.

டீச்சரின் மூச்சை நாங்கள் கேட்கவில்லை. வகுப்பறைப் படி ஏறும்போது நடுவில் நின்று சுவரைப் பிடித்துக்கொள்வார். கேட்டால், கால் என்பார். கால்தான் என்று நாங்களும் விட்டுவிட்டோம். மலை முழுக்க அந்தக் காருக்குக் காது கொடுத்தது, அதன் ஒவ்வொரு முனகலும் எங்களுக்கு மனப்பாடம். அதை ஓட்டியவருக்கு நெஞ்சில் என்ன ஓடியது என்று ஒருவருக்கும் தெரியாது. எனக்கு இது ஆறவே இல்லை. கார் நின்றால் போகிறேன் என்று சொன்னவர், நல்ல காரை வாசலில் நிறுத்திவிட்டுப் போய்விட்டார்.

அடக்கத்துக்கு மேல் டிவிசன் முழுவதும் இறங்கி வந்திருந்தது. அன்றைக்குப் பால் வெட்டு நடக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில், கல்விக் காரியாலயத்திலிருந்து வந்திருந்த ஓர் அதிகாரி பேசினார். நன்றாகவே பேசினார். தியாகத்தின் சிகரம் என்றார், மலையைப் பின்னோக்கி ஏறிய வீராங்கனை என்றார், இப்படிப்பட்ட ஆசிரியர்கள்தான் நாட்டுக்குத் தேவை என்றார். சிலர் அழுதார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

கூட்டத்துக்கு நடுவிலிருந்து பரமேஸ்வரியின் குரல் வந்தது. சண்டைக் குரல் இல்லை, கடையில் விலை கேட்பது போலத்தான் கேட்டார்.

"ஐயா, நல்லாப் பேசுனீங்க. கணக்குக்கு எப்பங்க ஆள் வரும்?"

அதிகாரி கையில் இருந்த கைக்குட்டையை மடித்தார். "மேலிடத்துக்குத் தெரியப்படுத்தியிருக்கிறோம் அம்மா. பரிசீலனையில் இருக்கிறது."

"மூத்தவ டீச்சர் புண்ணியத்துல தப்பிச்சிட்டா. சின்னவன் இந்த வருஷம் பதினொன்னுங்க. அதுக்குத்தான் கேக்குறேன்."

பாதர் மெதுவாக, "அம்மா, இது கல்லறை" என்றார்.

"தெரியும் சாமி. அவங்களுக்கும் கேக்கட்டும்னுதான் இங்க வச்சுக் கேக்குறேன்." பிறகு அதிகாரியைப் பார்த்தார். "லூர்து டீச்சர் பின்னால ஏறி வந்தாங்க. வர்றவங்க அப்படியெல்லாம் வர வேணாங்க. எந்த வண்டியில வந்தாலும் சரி, நின்னா நாங்க தள்ளுறோம். அரைப் பேர் போனாப் போகட்டும். ஆள மட்டும் அனுப்புங்க."

 பெட்டியை இறக்கினார்கள். முதற் பிடி மண்ணைத் தங்கை போட்டார், அடுத்து கருப்பையா போட்டார்.

இந்த மாதிரி எழுத்தின் முடிவில், போனவரிடமிருந்து எதை வைத்துக்கொண்டோம் என்று சொல்வது வழக்கம். அவருடைய பொறுமையை என்று எழுதலாம், பொய்யாகிவிடும். அவருடைய கணக்கை என்றும் எழுத முடியாது, எனக்குப் பின்னமே சரியாக வராது. பாலத்தடியில் அவர் எனக்குக் கொடுத்தது அந்த வெட்கம். அதைத்தான் வைத்திருக்கிறேன். அவரைப் புகழ வாயைத் திறக்கும்போதெல்லாம் அது வந்து குறுக்கே நிற்கிறது. பரமேஸ்வரியும் நானும் காரியாலயத்துக்குப் போனோம். பரிசீலனை என்றார்கள். அடுத்த கிழமையும் போவோம். சிபாரிசு வேண்டாம், சத்தம் போட ஆட்கள் வேண்டும். பூசைக்கு வருகிறவர்களில் நேரமுள்ளவர்கள் கூட வாருங்கள்.

இதை நான் தரம் பதினொன்று வகுப்பில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். பாடவேளை கணிதம். சத்தம் போடாமல் பார்த்துக்கொள்ளத்தான் என்னை அனுப்பியிருக்கிறார்கள். பார்த்துக்கொள்ள வேண்டிய தேவை இல்லை, சத்தமே இல்லை. பிள்ளைகள் எல்லோரும் கணக்குப் புத்தகத்தை எடுத்து, டீச்சர் விட்ட பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.